நிற்கும் மரத்தில் காயம்: மலைக்காட்டு வெட்டில் பிழை எங்கே நடந்தது என்று கண்டுபிடிப்பது எப்படி

மலைச்சரிவில் வெட்டு முடிந்து தடிகள் இறங்கிய பிறகு, வெட்டாமல் விட்ட மரங்களை ஒரு சுற்றுப் பார்த்தால் சேதம் கண்ணில் படும். ஒன்றில் அடிப்பட்டை உரிந்திருக்கும். இன்னொன்றில் உச்சி முறிந்திருக்கும். மூன்றாவது ஒன்று காயமே இல்லாமல் நின்று, இரண்டு வருடம் கழித்து வாடத் தொடங்கும். பார்த்தவுடன் வண்டி ஓட்டியவரைத் திட்டுவது வழக்கம். பெரும்பாலும் அவர் வண்டியில் ஏறுமுன்பே பிழை நடந்து முடிந்திருக்கும்: தடம் போட்ட விதத்தில், மரத்தைச் சாய்த்த கோணத்தில், வெட்டத் தேர்ந்த மாதத்தில். எந்தக் கட்டத்தில் நடந்தது என்பதைக் காயமே சொல்லிவிடும், படிக்கத் தெரிந்தால்.

காயத்தைப் படிப்பது

அளவு நாடா, கத்தி, சரிவுமானி, ஒரு நோட்டு போதும். காயமான மரத்தருகே போனதும் நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

தரையிலிருந்து எவ்வளவு உயரம்? வேரிலும் வேர்க்கழுத்திலும், அதாவது தரையிலிருந்து சுமார் 30 செ.மீ.க்குள் இருந்தால் தரையில் இழுத்த தடி அல்லது வண்டிச் சக்கரம். 1 முதல் 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் வடத்தில் தொங்கி வந்த தடி. அதற்கும் மேலே என்றால் விழுந்த மரம்.

எந்தப் பக்கம்? இழுவைத் தடத்தைப் பார்த்த பக்கமா, மேட்டுப் பக்கமா, அடிக்கட்டை இருக்கும் பக்கமா? மேட்டுப் பக்கத்தில் மட்டும் காயம் இருந்து, அருகில் தடமே இல்லை என்றால் மேலிருந்து ஏதோ உருண்டு வந்திருக்கிறது.

என்ன வடிவம்? அகலமாக, மண் தேய்த்த கறையோடு இருந்தால் தடி உரசியது. விரல் அகலத்தில் குறுக்கே ஒரு பள்ளம், உள்ளே மரம் வழவழவென்று இருந்தால் இரும்பு வடம் அறுத்தது. சின்னக் குழி, நசுங்கிய நார், கல்தூள் என்றால் பாறை.

கடைசியாக, உரிந்த பட்டை எந்த முனையில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். இதைப் பலர் கவனிப்பதில்லை, ஆனால் இதுதான் திசையைக் காட்டும். பட்டை மோதிய முனையில் கிழிந்து, தடி போன திசையில் ஒட்டி நிற்கும். விழுந்த மரம் உரசிய காயத்தில் பட்டை மேலே கிழிந்து கீழ்முனையில் தொங்கும். தரையில் இழுத்த தடி உரசியதில் அது பக்கவாட்டில், தடி போன பக்கமாகச் சுருண்டு நிற்கும்.

பரப்பளவை நீளம் × அகலம் × 0.8 என்று கணக்கிடலாம். 30 செ.மீ. நீளம், 12 செ.மீ. அகலம் என்றால் சுமார் 290 சதுர செ.மீ. நாடா இல்லாத நேரத்தில் விரல்களைச் சேர்த்து நீட்டிய கை ஏறக்குறைய 150 சதுர செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: தடத்தோரத்து மரங்களில் அடிப்பட்டை உரிந்திருக்கிறது

அதிகம் காணப்படும் சேதம் இதுதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

முதலில் காயங்கள் தடம் முழுக்கப் பரவியிருக்கின்றனவா, சில இடங்களில் குவிந்திருக்கின்றனவா என்று நடந்து பாருங்கள். பரவலாக இருந்தால் தடம் குறுகல். வண்டியின் அகலத்துக்கு மேல் இரு பக்கமும் குறைந்தது அரை மீட்டர் விலகல் வேண்டும். சாதாரண இழுவை வண்டிக்குத் தடம் 3.5 முதல் 4 மீட்டர் அகலமாவது இருக்க வேண்டும். இரண்டு மரத்தைக் காப்பாற்றுவதற்காகத் தடத்தைக் குறுக்கினால் இருபது மரம் காயப்படும். அந்த இரண்டையும் வெட்டிவிடுவதே மேல்.

குவிந்திருந்தால் அந்த இடத்தின் அமைப்பைப் பாருங்கள்.

வளைவின் உட்பக்கத்து மரங்களில் காயம்: தடி நீளம் அதிகம், அல்லது வளைவு மிக இறுக்கம். வண்டி வளைவில் திரும்பினாலும் தடியின் வால் வளைவைச் சுற்றி வராது, குறுக்கே வெட்டிக்கொண்டு உட்பக்கமாக வரும். 18 மீட்டர் தடியை 9 மீட்டராக இரண்டு துண்டாக்கினால் அதே வளைவில் காயம் வெகுவாகக் குறையும். முழு நீளமாகத்தான் வேண்டும் என்றால் வளைவை அகட்டுங்கள். இரண்டும் முடியாதென்றால் வளைவின் உள்மூலையில் ஒரு மரத்தை உரசு மரமாக விட்டுவிட வேண்டும். அது எப்படியும் காயப்படப் போகிறது என்று தெரிந்தே, வெட்டும் பட்டியலில் அதைச் சேர்த்து, ஆனால் எல்லாத் தடியும் இறங்கிய பிறகு கடைசியாக வெட்டுங்கள். முதலிலேயே வெட்டிவிட்டால் அடுத்த மரம் அந்த வேலையை ஏற்கும். இந்த வரிசை மாறுவதால் மட்டும் வீணாகும் மரங்கள் ஏராளம்.

தடத்தின் பள்ளப் பக்கத்து மரங்களில் மட்டும் காயம்: தடம் பக்கவாட்டில் சாய்ந்திருக்கிறது. தடியின் வால் சரிவு பார்த்துச் சறுக்கிக் கீழ்ப்பக்க மரங்களில் மோதுகிறது. ஈர மண்ணில் இது இரட்டிப்பாகும். தடத்தைச் சமஉயரக் கோட்டின் போக்கில் போடாமல் சரிவின் போக்கில், முடிந்தவரை நேராகப் போட வேண்டும். வேறு வழியில்லாமல் குறுக்கே போன துண்டில் கீழோரமாக மதிப்பில்லாத தடிகளை நீளவாக்கில் கிடத்துங்கள். அவை தண்டவாளம் போல வாலைப் பிடித்துக்கொள்ளும். அவை நகராமல் இருக்க, கீழ்ப்பக்கத்தில் இடுப்பளவு உயரமாக விட்ட அடிக்கட்டைகளில் சாய்த்து வைக்க வேண்டும்.

பக்கத்துக் காட்டிலிருந்து தடத்துக்குள் தடி நுழையும் இடத்தில் காயம்: மரத்தைச் சாய்த்த கோணம் தவறு. தடத்துக்குச் செங்குத்தாகக் கிடக்கும் தடியை வின்ச் (வண்டியில் பொருத்திய, வடத்தைச் சுருட்டி இழுக்கும் பொறி) இழுக்கும்போது, அது தடத்தருகே வந்து 90 பாகை திரும்பியாக வேண்டும். திரும்பும்போது அதன் வால் ஒரு அரைவட்டத்தையே துடைத்துவிடும். தடத்துக்கு 30 முதல் 45 பாகை கோணத்தில், மீன்முள் போல, இழுக்கும் திசையை நோக்கி அடியோ நுனியோ இருக்கும்படி சாய்த்தால் தடி வழுக்கிக்கொண்டு நுழையும். ஆகவே தடத்தைத் தரையில் குறித்த பிறகே செயின்சா உறுமத் தொடங்க வேண்டும். வெட்டிவிட்டு, தடிகள் கிடக்கும் இடத்துக்கு ஏற்ப வண்டிக்கு வழி தேடுவது என்றால் இந்தப் பிழை நிச்சயம்.

குறுக்கே மெல்லிய பள்ளம்: வின்ச் வடம் நேர்க்கோட்டில் போகவில்லை, இடையில் நின்ற மரத்தைச் சுற்றி வளைந்து அதை வாள் போல அறுத்திருக்கிறது. இழுக்கும் திசையை மாற்ற வேண்டிய இடத்தில் திறந்து மூடும் கப்பி ஒன்றை மாட்டுங்கள். கப்பியைக் கட்டும் மரம் வெட்டப் போகும் மரமாகவோ உறுதியான அடிக்கட்டையாகவோ இருக்கட்டும். வடத்தின் உள்வளைவில், கப்பி அறுந்தால் வந்து விழும் பக்கத்தில், ஆள் நிற்கக் கூடாது.

தடி முனை வேரிலும் கல்லிலும் முட்டி, பிறகு எம்பிக் குதித்துப் பக்கத்து மரத்தில் மோதுவதும் உண்டு. முனையைக் கோடாலியால் சற்று உருட்டிச் செதுக்கினாலே பாதிப் பிரச்சினை தீரும். தடி முனையில் மாட்டும் கூம்புத் தொப்பி கிடைத்தால் இன்னும் நல்லது. விலையுயர்ந்த மரங்கள் தடத்தை ஒட்டி நின்றால், அடியில் பழைய டயரையோ தடிமனான கிளைக்கட்டையோ தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை கட்டிவிடுங்கள். வேலை முடிந்ததும் கழற்ற மறக்க வேண்டாம். கட்டிய கம்பி பிறகு மரத்துக்குள் புதைந்துபோகும்.

சரிவு 30 முதல் 35 சதவீதத்தைத் தாண்டும் இடத்தில், அதாவது சுமார் 17 முதல் 19 பாகைக்கு மேல், தரையில் வண்டி ஓட்டி இழுப்பதை விட்டு வடத்துக்கு மாறுங்கள். அங்கே தடி ஆள் கட்டுப்பாட்டில் இல்லை, சரிவின் கட்டுப்பாட்டில் இருக்கும்.

அறிகுறி: வடப்பாதை ஓரத்தில், ஆள் உயரத்தில் காயம்

இரு முனைக்கும் நடுவே உயரத்தில் கட்டிய வடமான ஸ்கைலைனில் தொங்கவிட்டு இழுப்பதால் தரைக்கு நல்லது, ஆனால் காயம் ஒழிந்துபோவதில்லை. இடம் மாறி மேலே போகிறது.

காயம் பாதையின் பள்ளப் பக்கத்தில் மட்டும் இருந்தால், பாதை சரிவைக் குறுக்காகக் கடக்கிறது. வடத்தின் நேர்க்கீழே தொங்க வேண்டிய தடி, தரையில் உரசும் முனை சரிவில் வழுக்குவதால் கீழ்ப்பக்கம் போய் மரங்களை உரசிக்கொண்டே வருகிறது. பாதையைச் சமஉயரக் கோடுகளுக்குச் செங்குத்தாகப் போட வேண்டும். நிலம் இடம் தராவிட்டால் கீழ்ப்பக்கத்தில் மட்டும் பாதையை ஒரு மீட்டர் அகட்டுங்கள். இரு பக்கமும் சமமாக அகட்டுவதில் பயனில்லை.

காயம் இரு பக்கமும், ஆனால் ஒரே ஒரு நீளத்தில் மட்டும் குவிந்திருந்தால், அங்கே நிலம் மேல்நோக்கிப் புடைத்திருக்கிறதா என்று பாருங்கள். புடைப்பில் வடத்துக்கும் தரைக்கும் இடைவெளி சுருங்கி, தொங்க வேண்டிய தடி தரையில் இழுபடுகிறது. வடத்தின் தொய்வைத் தாங்குமிட இடைவெளியின் சதவீதமாகச் சொல்வார்கள்: 300 மீட்டர் இடைவெளியில் 5 சதவீதத் தொய்வு என்றால் நடுவே 15 மீட்டர், 10 சதவீதம் என்றால் 30 மீட்டர். தொய்வு குறைந்தால் வடத்தில் இழுவிசை ஏறும், தூக்கும் எடை குறையும். தொய்வு கூடினால் தடி தரையைத் தொடும். அதற்கு வழி புடைப்பின் மேல் ஒரு இடைத்தாங்கி நிறுத்துவது. பாதையை வெட்டுமுன் 10 முதல் 20 மீட்டருக்கு ஒரு முறை சரிவை அளந்து, தாளில் நிலத்தின் குறுக்கு வடிவத்தையும் வடத்தின் தொய்வுக் கோட்டையும் வரைந்து பார்த்தால் இந்த இடம் முன்பே தெரிந்துவிடும். அரை நாள் வேலைதான்.

பக்கவாட்டிலிருந்து தடி பாதைக்குள் நுழையும் மூலை மரங்களில் காயம் என்றால் மீன்முள் கோணம் இங்கும் அதேதான். கூடவே கேரியேஜைப் பாருங்கள், அதாவது தடியைத் தாங்கிக்கொண்டு ஸ்கைலைனில் ஓடும் உருளைப்பெட்டியை. பக்கத்திலிருந்து இழுக்கும் நேரத்தில் அது ஸ்கைலைனில் பூட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பூட்டு தேய்ந்து நழுவினால் இழுக்கும் கோணம் நடுவில் மாறும், தடி எதிர்பாராத மரத்தில் போய் முட்டும். பாதைகளுக்கு இடையே தூரம் அதிகமானால் பக்க இழுவையும் நீளும், காயமும் கூடும். 30 முதல் 40 மீட்டர் இடைவெளி பொதுவாகச் சரிப்படும்.

கீழிருந்து மேலே இழுத்தால் தடி வடத்துக்குப் பின்னால் அடங்கி வரும். மேலிருந்து கீழே இறக்கும்போது அது கேரியேஜை முந்தப் பார்க்கும், அலையும். சாலை கீழேதான் இருக்கிறது என்றால் வேகத்தைக் குறையுங்கள், தடியின் இரு முனையையும் தூக்குங்கள்.

அறிகுறி: மரத்தைச் சுற்றி வளையம் போலக் காயம்

இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. நங்கூர மரத்திலோ தாங்கு மரத்திலோ இரும்பு வடத்தை நேரடியாகச் சுற்றியிருக்கிறார்கள். உள்பட்டையும், அதற்கு அடியில் புதுப்பட்டையையும் புதுமரத்தையும் உண்டாக்கும் மெல்லிய அடுக்கான கேம்பியமும் முழு வளையமாக நசுங்கினால், இலையில் தயாரான உணவு வேருக்கு இறங்காது. மரம் உடனே சாகாது. வேர் பட்டினி கிடந்து, ஓரிரு பருவம் தாண்டியே உச்சி வாடும். அதற்குள் வெட்டியவர்கள் வேறு மலைக்குப் போயிருப்பார்கள்.

அடிக்கட்டையை நங்கூரமாக்குவதே முதல் தேர்வு. நிற்கும் மரம்தான் வேண்டும் என்றால் உள்ளங்கை அகலத்துக்குக் குறையாத பாலியஸ்டர் பட்டையைப் பயன்படுத்துங்கள். பட்டையின் தாங்குதிறன் வடத்தில் வரக்கூடிய உச்ச இழுவிசைக்குப் பொருந்த வேண்டும். பாலியஸ்டர் பட்டை இல்லாமல் வடம் சுற்ற நேர்ந்தால், மரத்தைச் சுற்றிக் கட்டைகளைச் செங்குத்தாக நெருக்கி வைத்து அவற்றின் மேல் வடம் போக வேண்டும். ஒரு துண்டுச் சாக்கு மடித்து வைப்பது பாதுகாப்பல்ல.

அறிகுறி: லேசான உரசலுக்கே பட்டை தகடு தகடாகக் கழன்று வருகிறது

அதே ஆட்கள், அதே வண்டி, போன கூப்பில் (வெட்டுக்கு ஒதுக்கிய காட்டுப் பகுதியில்) இத்தனை காயம் இல்லை. அப்படியென்றால் பருவத்தைப் பாருங்கள். மரம் வளரத் தொடங்கும் காலத்தில் கேம்பியம் நீர்ப்பிடிப்போடு மென்மையாக இருக்கும், பட்டைக்கும் மரத்துக்கும் பிடிப்பு மிகக் குறைவு. குளிர்நாட்டு மலைகளில் இது வசந்தமும் கோடைத் தொடக்கமும். வெப்பமண்டல மலைகளில் மழைக்குப் பிந்தைய தளிர்ப்புக் காலம்.

நாள்காட்டியை நம்பாமல் கத்தியை நம்புங்கள். வெட்டப் போகும் மரத்தில் ஒரு விரல் அகலத்துக்குப் பட்டையைக் கீறி நெம்புங்கள். நார் பிடித்துக்கொண்டு சில்லுச் சில்லாக உடைந்தால் வேலை தொடரலாம். வழவழப்போடு ஒரே துண்டாகக் கழன்று, அடியில் வெள்ளை மரம் ஈரமாகப் பளபளத்தால் நீரேறிவிட்டது. அப்போது தடி இழுப்பதை ஒத்திப்போடுங்கள். மெல்லிய பட்டையுள்ள ஸ்ப்ரூஸ், ஃபிர், பீச் போன்ற குளிர்நாட்டு மரங்களில் இது கட்டாயம். தடித்த பட்டையுள்ள முதிர்ந்த பைன், லார்ச், ஓக் கொஞ்சம் தாங்கும்.

அறிகுறி: உச்சியும் கிளைகளும் முறிந்து, பக்கத்து மரங்கள் ஒரே திசையில் சாய்ந்திருக்கின்றன

இது வெட்டிய கையின் வேலை. சரிவில் கீழ்நோக்கிச் சாய்ப்பதே அடிக்கடி காரணம். கணக்கு எளிது: சமதளத்தில் மரம் 90 பாகை சுழன்று தரையைத் தொடும். 30 பாகைச் சரிவில் கீழ்நோக்கிச் சாய்த்தால் 120 பாகை சுழல வேண்டும், மேல்நோக்கி என்றால் 60 பாகைதான். சுழலும் தூரம் கூடக்கூட மோதும் வேகமும் கூடும். கீழே விழுந்த மரம் அதோடு நிற்காமல் வழுக்கிக்கொண்டு போய் இளமரங்களையும் நொறுக்கும். நேராக மேல்நோக்கிச் சாய்த்தாலோ அடி பின்னால் நழுவி வெட்டுபவர் மேலேயே வரலாம். ஆகவே சரிவுக்குக் குறுக்காக, சற்றே மேல்நோக்கிய கோணத்தில் சாய்ப்பதுதான் நடைமுறையில் நல்லது. மேலே சொன்ன மீன்முள் கோணத்தோடு இதைப் பொருத்திப் பார்த்து, மரத்துக்கு மரம் திசையை அம்புக்குறியால் முன்பே குறித்துவிடுங்கள்.

குறித்த திசையில் விழவில்லை என்றால் அடிக்கட்டையைப் படியுங்கள். 50 செ.மீ. விட்டமுள்ள மரத்தில் விழும் பக்கத்து வாய்வெட்டு 10 முதல் 12 செ.மீ. ஆழம் இருக்க வேண்டும். நடுவே வெட்டாமல் விட்ட கீல் சுமார் 5 செ.மீ. தடிமன், இரு முனையிலும் சமமாக இருக்க வேண்டும். பின்வெட்டு வாய்வெட்டின் அடிக்கு 2 முதல் 3 செ.மீ. மேலே வர வேண்டும். கீல் ஒரு பக்கம் அறுந்துபோயிருந்தால் மரம் அறுபடாத பக்கமாகத் திரும்பியிருக்கும். கீலே இல்லை என்றால் மரம் தன் இஷ்டத்துக்கு விழுந்திருக்கும். பக்கவாட்டில் சாய்ந்த மரத்தில் சாய்வுக்கு எதிர்ப்பக்கக் கீலைச் சற்றுத் தடிமனாக விட்டு, சாய்வுப் பக்கம் ஆப்பு அடியுங்கள்.

வெட்டு சரியாக இருந்தும் பக்கத்து மரத்தின் தலை பிய்ந்து வந்திருக்கிறதா? மேலே கொடியைத் தேடுங்கள். ஈரமான வெப்பமண்டல மலைக்காடுகளில் கட்டைக்கொடிகள் நான்கைந்து மரங்களின் தலையை ஒன்றாகக் கட்டிவைத்திருக்கும். ஒன்றைச் சாய்த்தால் மற்றவையும் இழுபடும். வெட்டுக்கு 6 முதல் 12 மாதம் முன்பே, 2 செ.மீ.க்கு மேல் தடிமனான கொடிகளை வெட்டிவிட்டால் அவை காய்ந்து உளுத்துப் பிடி விடும். வெட்டுகிற அன்று கொடியை அறுப்பதில் பயனில்லை, பச்சைக்கொடி இரும்புக் கம்பி போல நிற்கும். காடு முழுக்கக் கொடியை ஒழிக்கவும் வேண்டாம். சாய்க்கப் போகும் மரத்தையும் அதோடு பிணைந்தவற்றையும் மட்டும் பாருங்கள்.

மரம் பாதியில் தொங்கிக்கொண்டால் தாங்கி நிற்கும் மரத்தை வெட்டி விடுவிக்கப் பார்க்கக் கூடாது. அதன் மேல் இன்னொரு மரத்தைச் சாய்க்கவும் கூடாது. ஆளுக்கு ஆபத்து, காட்டுக்கும் இரட்டைச் சேதம். பாதுகாப்பான தூரத்திலிருந்து வின்ச்சால் அடியைப் பின்னுக்கு இழுப்பதுதான் முறை.

அறிகுறி: மேட்டுப் பக்கம் மட்டும் குழிக்காயம், அருகில் தடம் இல்லை

மேலே சாலை வெட்டியபோது மண்ணையும் கல்லையும் சரிவில் தள்ளியிருப்பார்கள், அல்லது அறுத்த துண்டு உருண்டிருக்கும். 50 மீட்டர் கீழே நின்ற மரம் ஏன் அடிபட்டது என்று கீழேயே தேடிப் பயனில்லை, ஏறிப் போய்ப் பாருங்கள். சாலை வெட்டின மண்ணைச் செங்குத்துச் சரிவில் கொட்டாமல் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது செலவுதான், ஆனால் வேறு வழியில்லை. வெட்டிய இடத்தில் அடிக்கட்டைகளை ஒரு மீட்டருக்கு மேல் உயரமாக விட்டு, சில தடிகளைச் சரிவுக்குச் சாய்கோணத்தில் அவற்றின் மேல் கிடத்தினால் உருளும் கற்கள் தடைப்படும். துண்டு போடும்போது தடியை மேட்டுப் பக்கமிருந்தே அறுக்க வேண்டும். கீழே ஆள் இருக்கும்போது அறுக்கவே கூடாது.

அறிகுறி: காயமே இல்லை, ஆனால் இரண்டு மூன்று வருடத்தில் தலை மெலிகிறது

இலை சிறுக்கிறது, உச்சிக்கிளை காய்கிறது, தண்டில் புதிதாகச் சிறுகிளைகள் துளிர்க்கின்றன. இங்கே தண்டைப் பார்ப்பதை விட்டுத் தரையைப் பாருங்கள்.

மரம் தரையில் இறங்கும் இடம் இயல்பாகவே யானைக்கால் போல விரிந்திருக்க வேண்டும். கம்பம் நட்டது போல நேராக இறங்கினால் வேர்க்கழுத்து மண்ணில் புதைந்திருக்கிறது: சாலையிலிருந்து தள்ளிய மண், அல்லது தடத்திலிருந்து ஒதுங்கிய சேறு. புதைந்த பட்டை மூச்சுவிடாமல் அழுகும். மண்வெட்டியை நெருங்கவிடாமல் கையாலும் சிறு கொத்தாலும் வேர் விரிவு தெரியும்வரை மண்ணை அகற்றுங்கள்.

விரிவு தெரிகிறது என்றால் அடுத்து வண்டித் தடப் பள்ளத்தை அளவெடுங்கள். 15 செ.மீ.க்கு மேல் ஆழமாக இறங்கியிருந்தால் பக்கத்து மரங்களின் வேர்கள் அறுந்திருக்கும். தண்டிலிருந்து ஒரு மீட்டருக்குள், 2 செ.மீ.க்கு மேல் தடிமனான வேர்கள் நசுங்கியிருந்தால் அது தண்டுக் காயத்துக்குச் சமம். மேலே எதுவும் தெரியாவிட்டாலும் அழுகல் அடியிலிருந்து ஏறும். ஸ்ப்ரூஸ் போன்ற மேலோட்ட வேர் மரங்களில் இது இன்னும் மோசம்.

மண் இறுக்கத்தின் பெரும்பகுதி வண்டியின் முதல் சில ஓட்டங்களிலேயே நடந்துவிடும். எனவே சேறான தடத்தைத் தவிர்த்துப் பக்கத்தில் புதுவழி பிடிக்கும் ஒவ்வொரு முறையும் இன்னொரு பட்டை நிலம் கெடுகிறது. பழைய தடத்திலேயே நின்று, அதன் மேல் கிளைகளையும் தழையையும் முழங்கால் உயரத்துக்குப் பரப்பி ஓட்டுங்கள். நசுங்கியதும் மேலும் போடுங்கள். மழைக்குப் பின் தொடங்கலாமா என்று தெரிய, ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள். 3 மி.மீ. தடிமனான நூலாக உடையாமல் உருண்டால் மண் இன்னும் ஈரம், வண்டியை இறக்காதீர்கள். அதற்கு முன்பே பொடிந்தால் இறக்கலாம். மணல் மண்ணுக்கு இந்தச் சோதனை உதவாது.

அறிகுறி: வெட்டி முடிந்த அடுத்த காற்றில் மரங்கள் சரிகின்றன

நெருக்கமாக நின்று ஒன்றை ஒன்று தாங்கிய மரங்களைத் திடீரெனத் தனியாக விட்டதன் விளைவு. உயரத்தை, மார்பு உயரத்தில் அளந்த விட்டத்தால் வகுத்துப் பாருங்கள், இரண்டும் ஒரே அலகில். 24 மீட்டர் உயரம், 25 செ.மீ. விட்டம் என்றால் 96. ஊசியிலை மரங்களில் 80க்குக் கீழே இருப்பவை உறுதியானவை. 100ஐ நெருங்குபவை காற்றுக்கும் பனிச்சுமைக்கும் நிற்காது. இந்த எண்ணை வெட்டுக்கு முன்பே பார்த்து, ஒல்லி மரங்கள் நிறைந்த இடத்தில் ஒரே தடவையில் நிறைய வெட்டாமல், சில வருட இடைவெளியில் சிறிது சிறிதாக விலக்குங்கள். காற்று வரும் பக்கத்து ஓரத்தைத் தொடவே வேண்டாம்.

காயம்பட்ட மரத்தை வைப்பதா, வெட்டுவதா?

10 சதுர செ.மீ.க்குக் குறைந்த காயங்கள் பெரும்பாலும் தாமே மூடிக்கொள்ளும். உள்ளங்கையைத் தாண்டிய காயம், மெல்லிய பட்டை மரத்தில், தரையை ஒட்டி இருந்தால் அழுகல் நுழையும் என்றே கணக்கு வையுங்கள். தரைத்தொடர்பு இருந்தால் ஈரம் காயாது, பூஞ்சைக்கு வசதி. உள்மரம் நசுங்கி நார் பிளந்திருந்தால் பட்டை மட்டும் போன காயத்தைவிட மோசம்.

காயம் மூட எத்தனை வருடம் என்பதை நீளம் தீர்மானிப்பதில்லை, அகலம்தான் தீர்மானிக்கிறது. இரு ஓரத்திலிருந்தும் வருடத்துக்கு 1 செ.மீ. வளர்ந்தால் 10 செ.மீ. அகலக் காயம் மூட 5 வருடம், 30 செ.மீ. என்றால் 15 வருடம். அத்தனை காலமும் கதவு திறந்தே கிடக்கும். ஸ்ப்ரூஸ் காயங்களில் அடிக்கடி நுழைவது ஸ்டீரியம் சாங்குயினோலெண்டம் என்ற பூஞ்சை. காயத்தின் மேல் தோல் போலப் படரும் அதன் புதிதாக வளரும் விளிம்பைக் கீறினால் ரத்தம் போலச் சிவக்கும். அதைக் கண்டுவிட்டால் உள்ளே அழுகல் ஏற்கெனவே ஏறிக்கொண்டிருக்கிறது.

தாரும் பெயின்டும் பூசும் பழக்கத்தை விடுங்கள். மரம் காயத்தை ஆற்றுவதில்லை, சுவர் எழுப்பி அடைக்கிறது. அமெரிக்க மரநோய் ஆய்வாளர் அலெக்ஸ் ஷிகோ 1970களில் விளக்கியது இதைத்தான். பூச்சு அந்தச் சுவரை வலுப்படுத்தாது, சில சமயம் அடியில் ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஒரே ஒரு விதிவிலக்கு: வளர்ச்சிப் பருவத்தில், அகன்ற இலை மரத்தில், காயமான அன்றே மரப்பரப்பு காயுமுன் கறுப்பு பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றினால், பரப்பில் தப்பிய கேம்பியம் புதுப்பட்டையை உண்டாக்க வாய்ப்புண்டு. சில மதிப்புமிக்க மரங்களுக்கு மட்டும் இதைச் செய்யலாம். மரப்பரப்பு காய்ந்த பிறகு செய்தால் வீண் வேலை.

ஸ்ப்ரூஸ் காட்டில் முறிந்த, சாய்ந்த மரங்களைப் பட்டை வண்டு பறக்கும் பருவத்துக்கு முன் வெளியேற்றுங்கள், அல்லது பட்டையைச் சீவிவிடுங்கள். பட்டை இடுக்கில் காப்பித்தூள் போன்ற பழுப்புத் தூள் தெரிந்தால் வண்டு உள்ளே போய்விட்டது. வேரழுகல் பூஞ்சை ஹெட்டரோபேசிடியன் உள்ள பகுதிகளில் புதிய அடிக்கட்டைகளே அதற்கு நுழைவாயில். அங்கிருந்து வேரோடு வேர் தொட்டுப் பக்கத்து மரத்துக்குப் போகும். வெட்டிய உடனே அடிக்கட்டைப் பரப்பில் யூரியா கரைசலோ, ஃப்ளெபியாப்சிஸ் ஜைகான்டியா என்ற எதிர்ப்பூஞ்சையோ பூச வேண்டும்.

எண்ணிக்கை எடுப்பது

ஒரு மூலையைப் பார்த்துவிட்டு "பரவாயில்லை" என்று சொல்வதும், சாலையோரத்தைப் பார்த்துவிட்டு "நாசம்" என்று சொல்வதும் ஒரே தவறு. தடங்களுக்குக் குறுக்காக, சம இடைவெளியில் கோடுகள் போட்டு நடந்து, கோட்டின் இரு பக்கமும் 2 மீட்டருக்குள் வரும் ஒவ்வொரு மரத்தையும் எழுதுங்கள்: விட்டம், காயம் உண்டா, பரப்பு, உயரம், பக்கம், அருகிலுள்ள தடத்திலிருந்து தூரம். தடத்தின் போக்கில் நடந்தால் எண்ணிக்கை தானாகவே ஊதிப்போகும். ஒரு கூப்புக்கு நூறு மரமாவது வேண்டும். முழுவதும் முடியும்வரை காத்திராமல் முதல் தடம் முடிந்ததுமே ஒரு முறை எடுத்தால் மீதியைத் திருத்த நேரமிருக்கும். தடிக்குக் கன மீட்டர் கணக்கில் மட்டும் கூலி பேசியிருந்தால் இந்த எண்ணிக்கை பெரிதாகவே வரும், வேகத்துக்குத்தான் அங்கே காசு. காயம் எவ்வளவு வரை பொறுத்துக்கொள்ளப்படும், தாண்டினால் எவ்வளவு பிடித்தம் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

உதாரணமாக 120 மரம் பார்த்து 18 காயம் என்றால் 15 சதவீதம். இந்த எண்ணோடு நிறுத்திவிட்டால் எதைத் திருத்துவது என்று தெரியாது. அந்த 18இல் 11 தடத்திலிருந்து 2 மீட்டருக்குள், 30 செ.மீ. உயரத்துக்குக் கீழே, அதில் 8 ஒரே வளைவின் உட்பக்கம் என்று நோட்டில் இருந்தால், நாளைக் காலை வெட்டுபவரிடம் பேச ஒன்றுமில்லை. அந்த வளைவுக்குப் போய், தடியின் நீளத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், உள்மூலையில் ஏற்கெனவே காயம்பட்ட மரத்தை வேலை முடியும்வரை வெட்டாமல் வையுங்கள்.